இடக்கைப் பலகை

லிங்கி,
15 டிசம்பர் 2024

மதிப்பிற்கும் மிதிப்பிற்கும் உரிய புனிதன் அண்ணனுக்கு,

உன் ஒரே தங்கை லோகேஸ்வரி எழுதுவது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அப்பா செம்பனைக் குலை ஏற்றி ஓட்டும் லோரிக்கு மட்டும் கொஞ்ச நாளாக இருமல். அங்கே நீ சுகமா என்று கேட்கச் சொல்லி குமுதவல்லி டீச்சரின் கட்டளை. கேட்டுவிட்டேன், மார்க் போடு.

பயப்படாதே, எனக்குப் பேய் பிடிக்கவில்லை. ஜனவரியில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம். தமிழ்த் தாளில் உறவுக் கடிதம் எழுதச் சொன்னால் நான் எழுதுவதெல்லாம் உறவை முறிக்கும் கடிதமாக இருக்கிறதாம். "உண்மையான ஆளுக்கு உண்மையா எழுதிப் பழகு, லோகா" என்றார் டீச்சர். உண்மையான ஆள் யாரும் கிடைக்கவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். வீட்டில்தான் லைன் கிடையாதே. கைப்பேசியில் தட்டி முடித்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நின்று மின்னஞ்சலை அனுப்புகிறேன். மாடு ஒன்று பக்கத்தில் நின்று பார்க்கிறது. அதுவும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

இனி விஷயம். ஜொகூர் பாருவில் ஏசி போட்ட ஆபீசில் உட்கார்ந்து ஊரார் கட்டடத்துக்கெல்லாம் வரைபடம் போடும் என் அண்ணன், போன தீபாவளிக்கு முறுக்கை மென்றுகொண்டே ஒரு வாக்குக் கொடுத்தான். "நீயும் கட்டட வரைபடம் டிப்ளோமாவுக்குப் போ, என் லெப்டாப்ப ஒனக்குத் தர்றேன்." வாயில் இருந்தது முறுக்கு என்றாலும் வாக்கை முறுக்கிவிடாதே.

அம்மா நேற்றும் அடித்தார். ரசக் கரண்டியை இடக்கையில் எடுத்துவிட்டேன். "பொம்பளப் புள்ள, பீச்சாங்கையில அள்ளிப் போடுறா பாரு!" சின்னதிலிருந்து அடி வாங்கி வாங்கி, எழுதுவதையும் சாப்பிடுவதையும் சாமி கும்பிடுவதையும் வலக்கைக்கு மாற்றிவிட்டேன். வரைவது மட்டும் இன்னும் இடக்கைதான். "அந்த ஒண்ணுக்காவது அவ கைய விடுங்கம்மா" என்று நீ ஒருநாள் குறுக்கே வந்து விழுந்தாயே, அந்தச் சலுகை இன்னும் அமலில் இருக்கிறது. நன்றி. இதை மட்டும் விளையாட்டில்லாமல் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வா. இல்லாவிட்டால் தைப்பூசத்துக்கு வா. அதற்கும் வராவிட்டால் எண்ணெய் வழியும் உன் பழைய பள்ளிக்கூடப் படத்தை ஆபீஸ் முகவரிக்கே அனுப்புவேன்.

உன் தலைவலி,
லோகா


ஜொகூர் பாரு,
22 டிசம்பர் 2024

அன்பும் அடியும் ஒருசேர வாங்க வேண்டிய தங்கைக்கு,

அண்ணன் நலம். உன் கடிதத்தை என்னோடு வாடகைக்கு இருக்கும் அஸாருதீனுக்குப் படித்துக் காட்டினேன். சிரம்பான்காரன், நீகூட ஒருமுறை அவன் தேத்தண்ணீரில் உப்புப் போட்டாயே, அவன்தான். "ஒன் தங்கச்சிக்கு வாய் இல்லடா, லவுட்ஸ்பீக்கர்லா" என்கிறான். டீச்சரிடம் சொல், கடிதம் பாஸ். மாட்டுக்கு முழு மார்க்.

லெப்டாப் வாக்கு வாக்குதான். ஆனால் லெப்டாப் மட்டும் இருந்தால் படம் வந்துவிடாது. நம் தொழிலுக்கு இரண்டு கையும் வேண்டும். இடக்கை விசைகளில் கட்டளை தட்டிக்கொண்டே இருக்கும். வலக்கை மவுஸைப் பிடித்துக் கோடு இழுக்கும். ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்காமலே வேலை நடக்கும், அப்பாவும் அம்மாவும் மாதிரி. ஆபீசில் என்னைப் பார்த்து, "புனிதன் பியானோ வாசிக்கிறான், சத்தம் போடாதீங்க" என்பார்கள். இந்தக் கடிதத்தையும் பத்து விரலாலும்தான் தட்டுகிறேன். நீ மேட்டில் ஏறி மூச்சு வாங்குவதற்குள் நான் முடித்துவிடுவேன்.

பொங்கலுக்கு முடியாது. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் படம் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு மோட்டாரிலேயே வந்துவிடுகிறேன். உன் பரீட்சையும் முடிந்திருக்கும். வரும்போது ஒன்று கொண்டுவருவேன், என்ன என்று கேட்காதே. போன தடவை மாதிரி என் ஹெல்மெட்டுக்குள் பவுடர் கொட்டினால், கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அம்மாவிடம் சொல், வேளைக்குச் சாப்பிடுகிறேன். அப்பாவிடம் சொல், லோரிக்குக் கஷாயம் கொடுக்கச் சொல்லி.

அண்ணன்,
புனிதன்


லிங்கி,
23 பிப்ரவரி 2025

காணாமல்போன அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டும், அதுதான் முறை. எழுதியாகிவிட்டது.

தைப்பூசத்துக்கு மறுநாள் நீ சாப்பிட என்று அம்மா நெத்திலி வாங்கி வைத்திருந்தார். நான் பவுடர் டப்பாவோடு வாசலில் நின்றேன். மோட்டார் சத்தம் கேட்டு ஓடியபோதெல்லாம் வந்தது ரொட்டிக்காரர், இல்லாவிட்டால் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் மகன். அடுத்த நாள் ஒரு செய்தி வந்தது. "வேலை. வர முடியல. மன்னிச்சிருங்க." உன் பேச்சில் வாலும் இல்லை, தலையும் இல்லை. அதை நீ எழுதினாயா, அஸார் அண்ணன் எழுதினாரா?

அதற்குப் பிறகு போன் போட்டால் குரல் மட்டும். வீடியோ போட்டால், "லைன் சரியில்ல லோகா." ஜொகூர் பாருவில் லைன் இல்லை, லிங்கி மாட்டு மேட்டில் லைன் இருக்கிறது! யாரிடம் கதை விடுகிறாய்? "எவளோ ஒருத்தி கெடைச்சிட்டா" என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அப்பாவோ கழுவின லோரியையே திரும்பத் திரும்பக் கழுவுகிறார்.

பரீட்சை முடிந்தது. உறவுக் கடிதம் நன்றாகவே எழுதினேன், யாரோ ஒரு அண்ணனை ஊருக்கு வரச் சொல்லி. அந்த அண்ணனாவது வந்திருப்பான்.

கொண்டுவருகிறேன் என்றாயே, அது என்ன?

கோபத்துடன்,
லோகா


ஜொகூர் பாரு,
19 மார்ச் 2025

அன்புள்ள லோகா,

நான் நலம். வீட்டில் எல்லாரும் நலமா?

வேலை அதிகம். பெண் யாரும் இல்லை, அம்மாவிடம் சொல். மோட்டாரைக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் போகிறேன்.

ஒரு டேப்லெட் வாங்கியிருக்கிறேன். பெரிய திரை. பேனாவும் உண்டு. லெப்டாப்பைவிட வேகம் என்கிறார்கள். எங்கள் வேலையையே இதில் செய்யலாமாம். பழகிப் பார்க்கிறேன்.

நீ வரையும்போது இடது மணிக்கட்டைக் காகிதத்தில் ஊன்றுவாயா, தூக்கிப் பிடிப்பாயா? சும்மாதான் கேட்கிறேன்.

பரீட்சை முடிவு வந்ததும் எழுது.

புனிதன்


லிங்கி,
11 மே 2025

தந்தி அடிக்கும் அண்ணனுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று உன் தந்தியில் ஒரு சொல் இருந்தது, நம்பிக்கொள்கிறோம்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். மணிக்கட்டை ஊன்றுவேன். தூக்கிப் பிடித்தால் கோடு பாம்பாக நெளியும். மாதக் கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கேட்கிறதைப் பார்!

இப்போது உட்கார்ந்துகொள். இடம் கிடைத்துவிட்டது. கட்டட வரைபடம் டிப்ளோமா, போர்ட்டிக்சன் பக்கத்துக் கல்லூரி, ஜூலையில் ஆரம்பம். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முதல் பாசாரில் கோழி வெட்டுகிறவர் வரை காட்டிவிட்டார். கோழிக்கும் காட்டியிருப்பார், அதற்குள் வெட்டிவிட்டார்கள்.

ஆனால் வரைபட மென்பொருள் ஓடும் லெப்டாப் கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் பருவத்திலேயே ஒரு முழு வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த பருவத்துக்குப் போக முடியாது. ஆகவே அண்ணா, முறுக்கு வாக்கு! டேப்லெட்டை நீயே வைத்துக்கொள். டேப்லெட் என்றால் மாத்திரை, மாத்திரையை வைத்துக் காய்ச்சலைத்தான் விரட்டலாம், வீடு கட்ட முடியுமா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, எனக்கு ஒரு லெப்டாப்.

நீயே கொண்டுவா. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வருங்கால வரைபடப் புலி,
லோகா


ஜொகூர் பாரு,
1 ஜூன் 2025

அன்புள்ள லோகா,

உன் செய்தி கேட்டு ரொம்ப சந்தோஷம். அஸாருதீன் ஆபீசுக்கே இனிப்பு கொண்டுபோனான்.

லெப்டாப் இல்லை. கீழே விழுந்து உடைந்துவிட்டது. சரிசெய்ய முடியாது என்றுவிட்டார்கள். என் டேப்லெட்டை அனுப்புகிறேன். முகத்தைச் சுளிக்காதே. இப்போது வருகிறவை பழைய டேப்லெட் இல்லை. இதற்குள் இருக்கும் கணினிச் சில்லு என் லெப்டாப்பில் இருந்ததைவிட வலுவானது. படம் எடுப்பவர்கள், பாட்டுப் போடுபவர்கள் எல்லாம் இதிலேயே வேலையை முடிக்கிறார்கள். பேனாவால் நேரே திரையில் கோடு போடுகிறாய். மவுஸ் வேண்டாம், விசைப்பலகை வேண்டாம்.

ஒரு உதவி. இதில் ஒரு முழு வீட்டைப் போட்டுப் பார். தரைப்படம், வெட்டுப்படம், அளவுகள், கதவு சன்னல் விவரம் எல்லாம், கட்டுகிறவர் கையில் கொடுக்கும் தரத்தில். இடக்கையால் மட்டும் போடு. வலக்கையால் தொடவே தொடாதே. முடியுமா முடியாதா, ஆகஸ்ட் கடைசிக்குள் சொல். ஆபீசில் இதை வைத்து ஒரு முடிவு எடுக்கப்போகிறார்கள்.

விளையாட்டு வேண்டாம், லோகா. உண்மையைச் சொல். நீ சொல்வதைத்தான் நான் அங்கே சொல்வேன்.

புனிதன்


லிங்கி,
6 ஜூலை 2025

என் புனிதமான அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். லோரிகூட சுகம். நீ அனுப்பிய பலகை பத்திரமாக வந்து சேர்ந்தது. இனி அதற்கு 'பலகை' என்றே பெயர். டேப்லெட் என்றால் அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறார்.

திறந்தவுடன் ஒன்று கவனித்தேன். வரையும் செயலியில் கருவிகள் எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கின்றன. கை மறைக்காமல் இருக்க இடக்கைக்காரர்களுக்கென்று உள்ள அமைப்பு அது. அதை நீ தேடிப் பிடித்து எனக்காக மாற்றி வைத்து அனுப்பியிருக்கிறாய். அதனால்தான் மணிக்கட்டைப் பற்றிக் கேட்டாயா? அண்ணா, இந்த வீட்டில் என் கைக்கு ஏற்ற மாதிரி யாரும் ஒரு கரண்டியைக்கூடத் திருப்பி வைத்ததில்லை. கொஞ்ச நேரம் எனக்கு ஜோக்கே வரவில்லை. அப்புறம் வந்துவிட்டது.

உள்ளே ஒரு கோப்பை அழிக்க மறந்துவிட்டாய். கட்டம் கட்டமாக ஏதோ கிறுக்கல். ஒரு கட்டமும் மூடவில்லை, கோடெல்லாம் குளிரில் நடுங்குகிறது. யார் போட்டது, பக்கத்து வீட்டுக் குழந்தையா? நல்ல எதிர்காலம். கோணல்மாணலான வீடு கட்டுகிறவர்களுக்கு ஆள் வேண்டுமே. அதன் அடியில் சிவப்பு மையில் 'கோழி முட்டை' போட்டு மார்க் கொடுத்திருக்கிறேன்.

உன் சோதனையைத் தொடங்கிவிட்டேன். முதல் அபிப்பிராயம்: கோடு வெண்ணெய் மாதிரி போகிறது. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. அம்மா கிளறிய நெத்திலிச் சம்பல், ஒரு போத்தல். மூடியை நானே என் கையால் இறுக்கி, சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். இந்த டேப்-ப்லெட்டை நீ திறந்து காட்டு பார்க்கலாம்!

உன் இடக்கை,
லோகா


ஜொகூர் பாரு,
27 ஜூலை 2025

அன்புள்ள லோகா,

நலம். சம்பல் வந்தது. சாப்பிட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது. நல்ல காரம். அம்மாவிடம் சொல்.

அந்தக் கிறுக்கலை அழித்துவிடு.

படம் எதுவரை வந்திருக்கிறது? அளவுகள் போட முடிகிறதா? ஒரு செயலி சரிவராவிட்டால் இன்னொன்றில் பார். அவசரப்பட்டு முடியாது என்று சொல்லிவிடாதே. பழகப் பழக வரும். வரும்தானே?

புனிதன்


லிங்கி,
17 ஆகஸ்ட் 2025

கையும் களவுமாகப் பிடிபட்ட அண்ணனுக்கு,

சுகம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் குற்றப்பத்திரிகை. அந்தப் போத்தலில் சம்பலே இல்லை! ரப்பர் மரத்தடியில் பொறுக்கிய கித்தா விதைகளைச் சிவப்புத் தாளில் சுற்றி அடைத்து அனுப்பினேன். உண்மையான சம்பல் இங்கே எங்கள் வயிற்றில் இருக்கிறது. 'நல்ல காரம்' என்று எழுதியிருக்கிறாயே, கித்தா விதையை மென்றாயா? திறந்துகூடப் பார்க்கவில்லை, மூட்டை மூட்டையாகப் பொய். இந்த ஜென்மத்தில் நான் அடித்த சிக்ஸர் இதுதான்.

இப்போது உன் ஆபீசுக்கான தீர்ப்பு. லோகேஸ்வரி நீதிமன்றம், எல்லாரும் எழுந்து நிற்கவும்.

பலகை நல்ல பிள்ளை. குறிப்பு எடுக்க, மனதில் தோன்றுவதைக் கிறுக்கிப் பார்க்க, வேறொருவர் போட்ட படத்தைத் திறந்து திருத்தம் காட்ட, இதை மிஞ்ச ஆள் இல்லை. லெக்சரர்கூட வாங்கிப் பார்த்தார். ஆனால் முழு வேலை? உண்மையைச் சொல் என்றாய். சொல்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் இதில் பாதிதான் இருக்கிறது. பார்க்கலாம், தடவலாம், முழுதாகச் செய்ய விடாது. வேறு செயலியில் போட்டேன். அடுக்கு கூடக் கூடத் திணறியது. வெட்டுப்படத்தில் மாற்றினால் தரைப்படம் மாறவில்லை. காகிதத்தில் எடுத்தபோது சமையலறை கோழிக்கூண்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. சில்லு பெரிய சில்லுதான். மாட்டு வண்டியில் விமான இஞ்சினைக் கட்டிவிட்டார்கள்.

அதைவிடக் கொலை, நீ ஒரு கையால் போடச் சொன்னதுதான். கோடு போடுகிற கையே ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டுவிட்டுப் போய்க் கருவியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். நான் பிறவி இடக்கைக்காரி, எனக்கே நாக்குத் தள்ளியது. வாரக் கணக்கில் வராத படத்தைக் கல்லூரி லேபில் ஒரே காலையில் முடித்துவிட்டேன், இரண்டு கையாலும்.

ஆகவே தீர்ப்பு: முடியாது. உருப்படியான வேலைக்கு ஒரு லெப்டாப்பும் இரண்டு கையும் வேண்டும். மேல்முறையீடு கிடையாது. உன் ஆபீசில் என் பெயரைச் சொல்லியே சொல்.

நீதியரசி,
லோகா


லிங்கி,
7 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

பதில் வரவில்லை. போனை எடுக்கவில்லை. கோபமா என்று முதலில் நினைத்தேன். கித்தா விதைக்கு நீ ஒரு தேளையாவது திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நீ அப்படிச் சும்மா விடுகிறவன் இல்லை.

நேற்று அம்மா ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தார். இறுகியிருந்தது. ஒரு கையால் போத்தலை இடுப்போடு அணைத்து, மறு கையால் மூடியைத் திருகினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். போத்தலைப் பிடிக்க ஒரு கை, மூடியைத் திருப்ப ஒரு கை.

நீ திறந்து பார்க்காமல் விடவில்லை. உன்னால் திறக்க முடியவில்லை. அஸார் அண்ணனிடம் திறந்து தரச் சொல்லவும் உனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே வரிசையாக வந்து நின்றன. வீடியோவில் வராதது. மோட்டாரைக் கொடுத்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள். மணிக்கட்டு. இடக்கையால் மட்டும் போடு என்றது. பலகையை நீ எனக்காக மாற்றி வைக்கவில்லை. அது உன் கைக்கு இருந்தபடியே வந்தது. அந்த நடுங்குகிற கட்டங்கள்கூட யாரோ குழந்தை போட்டது இல்லை.

அஸார் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணா, உன் வலது கைக்கு என்ன ஆச்சு?

லோகா


ஜொகூர் பாரு,
21 செப்டம்பர் 2025

அன்புள்ள லோகா,

இதை ஒரு விரலால் தட்டுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் தப்பாக நினைக்காதே.

தைப்பூசத்துக்கு வந்துகொண்டிருந்தேன். மழை. ஆயர் ஹீத்தாம் தாண்டிச் சக்கரம் வழுக்கியது. யாரும் மோதவில்லை, யார் மேலும் தப்பு இல்லை. மோட்டார் கைமேல் விழுந்து இழுத்துக்கொண்டு போனது. வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அவையும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அன்றைக்கு உங்களுக்குச் செய்தி அனுப்பியது அஸாருதீன். நான்தான் அப்படி அனுப்பச் சொன்னேன்.

முதுகுப் பையில் லெப்டாப் இருந்தது. உனக்காகத் துடைத்துச் சுத்தம் பண்ணிக் கொண்டுவந்தேன்.

ஆபீசில் நல்லவர்கள். ஆகஸ்ட் கடைசி வரை என் நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்கள். ஒரு கையால் ஆபீஸ் கணினியில் போட்டுப் பார்த்தேன், மற்றவர்கள் ஒரு படம் முடிக்கும்போது நான் கதவு போட்டுக்கொண்டிருந்தேன். டேப்லெட் என்றால் பேனாவும் ஒரு கையும் போதுமே என்று நினைத்தேன். மாதக் கணக்கில் போட்டேன். கட்டம்கூட மூடவில்லை. குறை என் கையிலா, அந்தக் கருவியிலா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் உனக்கு அனுப்பினேன். பிறந்ததிலிருந்து இடக்கையால் வரைகிறவள் நீ. உன்னால் முடிந்தால், குறை என் கையில்தான், பழகிக்கொள்ள இன்னும் கொஞ்சம் காலம் கொடுங்கள் என்று கேட்கலாம். உன்னாலும் முடியாவிட்டால் காத்திருந்து பயனில்லை.

உன் தீர்ப்பை அப்படியே சொன்னேன். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொல் என்று நான்தான் கேட்டேன். நீ சொன்னாய். அதற்கு மேல் உன்மேல் ஒன்றும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

இப்போது அஸாருதீனுடைய மாமா சாப்பாட்டுக் கடையில் உதவியாக இருக்கிறேன். முதலில் கல்லாவில் உட்காரவைத்தார்கள். மீதியை இடக்கையால் நீட்டினால் சிலர் வாங்கத் தயங்குகிறார்கள், பாவம், அவர்கள் பழக்கம் அப்படி. மேசைமேல் வைத்துப் பார்த்தேன். அதற்கும் முகம் சுளித்தார்கள். இப்போது கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்டர் கேட்டு வரும் போன் எடுக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே. அவருக்கு முன்னால் நான் எப்படிச் சாப்பிடுவேன்?

அண்ணன்


லிங்கி,
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம் என்று எழுதப் போவதில்லை. நீயும் இனிமேல் அப்படி எழுதாதே.

உன் கடிதத்தை மேட்டில் நின்று படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தைப்பூசத்துக்கு வராவிட்டால் என்ன செய்வேன் என்று நான் எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அதைப்பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். உன் பலகையில், இடக்கையால் மட்டும், இந்தத் தடவை விளையாட்டு இல்லாமல், என்னால் முடிந்த அளவுக்கு மெதுவாக, கவனமாக. தீர்ப்பை மாற்றி எழுத ஏதாவது வழி கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை, அண்ணா. முடியும் என்று பொய் சொல்ல உட்கார்ந்தேன், நாலு வரி எழுதி அழித்தேன். உன்னிடம் இத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், இது ஒன்று வரமாட்டேன் என்கிறது. குறை கருவியிலும் இருக்கிறது, கையிலும் இருக்கிறது. என் கல்லூரி வீட்டை லேபில் போட்டுக் கொடுத்துவிட்டேன். முதல் பஸ்ஸில் போய்விட்டால் கணினி காலியாக இருக்கும். அடுத்த பருவத்துக்குப் போய்விடுவேன். இதை உனக்கு எழுதும்போது எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கட்டங்களை நான் அழிக்கவில்லை. கோழி முட்டையை மட்டும் அழித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். வாயால் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றை இடக்கையால் பிசைந்தேன். அம்மா கரண்டியைத் தூக்கினார். "என்னடி திமிரா? சோத்துல பீச்சாங்கைய வைக்கிற?" நான் நிறுத்தவில்லை. அடி விழுந்தது. மறுபடியும் பிசைந்தேன். "அண்ணனும் இனிமே இப்படித்தாம்மா சாப்பிடும். அதையும் அடிப்பீங்களா?" என்றேன். தூக்கின கரண்டி அப்படியே நின்றது. அப்பா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து லோரியிடம் போய்விட்டார். அன்றைக்கு எல்லாருடைய சோறும் கோழிக்குத்தான் போனது.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது அம்மா மட்டும் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடக்கையில். பாதி வாயில், பாதி மடியில். என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, "கொழம்பு சூடா இருக்கு, போட்டுச் சாப்புடு" என்றார்.

தீபாவளிக்கு உன்னை அழைத்துவர அப்பா லோரியை விட்டுவிட்டு, கிராணியின் காரைக் கேட்டிருக்கிறார். வரமாட்டேன் என்று சொல்லாதே, சொன்னாலும் வந்துவிடுவார்.

இத்துடன் ஒரு பார்சல். இந்தத் தடவை உண்மையான சம்பல். பெட்டியில் நான் எடுத்துவைத்தபோது அம்மா பிடுங்கிக்கொண்டு அவரே வைத்தார். டேப் ஒட்டவில்லை. மூடியைச் சும்மா மேலே வைத்திருக்கிறார், திருகவே இல்லை. வழியில் எண்ணெய் கசிந்து பெட்டியெல்லாம் நாறியிருக்கும். அஸார் அண்ணன் திட்டினால் திட்டட்டும். இடக்கையால் தூக்கினாலே மூடி வந்துவிடும்.

லோகா